குழந்தையின் தொடக்கக் கற்றலும் வாசிப்பும்: வீட்டில் பெற்றோர் செய்யக்கூடியவை (பிறப்பு முதல் 6 வயது வரை)

அறிமுகம்

பள்ளியில் சேர்ந்து எழுத்துகளைக் கற்கும் நாளில்தான் குழந்தையின் கல்வி தொடங்குகிறது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கருப்பையில் இருக்கும்போதே, கடைசி மூன்று மாதங்களில், குழந்தை ஒலிகளைக் கேட்கிறது. பிறந்தவுடன் பல குரல்களுக்கிடையே தாயின் குரலை இனங்கண்டுகொள்கிறது. கருவுற்றது முதல் இரண்டாவது பிறந்தநாள் வரையிலான முதல் 1000 நாட்களில் மூளை மிக வேகமாக வளர்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப், உலக வங்கி ஆகியவையும் இணைந்து 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட குழந்தைப் பராமரிப்புச் சட்டகம், குழந்தை முழுமையாக வளர ஐந்து தேவைகளைக் குறிப்பிடுகிறது: உடல்நலம், போதிய ஊட்டச்சத்து, குழந்தையின் குறிப்பறிந்து பராமரித்தல், பாதுகாப்பு, தொடக்கக் கற்றலுக்கான வாய்ப்பு. முதல் இரண்டிற்கும் மருத்துவமனையும் அங்கன்வாடியும் பெரிதும் துணைநிற்கின்றன. குறிப்பறிந்து பராமரித்தலும் தொடக்கக் கற்றலும் பெரும்பாலும் வீட்டிலேயே நிகழ்கின்றன.

இப்பக்கத்தின் முதன்மைச் செய்தி இதுதான்: வாசிப்பு கண்ணில் தொடங்குவதற்கு முன் காதில் தொடங்குகிறது. நிறையப் பேச்சும் கதையும் பாட்டும் கேட்டு வளரும் குழந்தைக்கு, எழுத்து அறிமுகமாகும்போது அது ஏற்கெனவே அறிந்த சொற்களின் வடிவமாகவே தோன்றுகிறது. இதற்கு விலையுயர்ந்த பொம்மைகளோ தனிவகுப்புகளோ தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் இதை முழுமையாகச் செய்ய இயலும்.

பேச்சு ஏன் முக்கியம்?

குழந்தை ஒரு பொருளைச் சுட்டுகிறது. நீங்கள் அதன் பெயரைச் சொல்கிறீர்கள். குழந்தை ஓர் ஒலி எழுப்புகிறது. நீங்கள் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். இவ்வாறு மாறிமாறி நிகழும் உரையாடலில்தான் குழந்தை மொழியைக் கற்கிறது. அருகில் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி குழந்தைக்கு மறுமொழி சொல்வதில்லை. ஆகவே அதிலிருந்து கேட்கும் பேச்சு இந்த உரையாடலுக்கு ஈடாகாது.

தமிழ்க் குழந்தைகளுக்கு இதில் கூடுதலான ஒரு தேவையும் உண்டு. வீட்டில் நாம் பேசும் தமிழும் நூலில் உள்ள தமிழும் வேறுபட்டவை. வீட்டில் “வந்துட்டான்” என்கிறோம். நூலில் “வந்துவிட்டான்” என்று இருக்கிறது. “போறாங்க” என்பது “போகிறார்கள்” ஆகிறது. நூல் நடையை ஒருமுறையும் கேட்டிராத குழந்தை முதல் வகுப்பில் எழுத்துகளையும் புதிய நடையையும் ஒரே நேரத்தில் கற்க நேரிடுகிறது. எழுத்தைக் கூட்டி வாசித்தாலும் பொருள் விளங்குவதில்லை. முன்பே கதைகளை வாசிக்கக் கேட்ட குழந்தைக்கு இச்சுமை குறைகிறது.

வயதுக்கேற்ற செயல்கள்

பிறப்பு முதல் 6 மாதம் வரை

• பிறந்த குழந்தையால் ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளதையே தெளிவாகப் பார்க்க முடியும். பால் கொடுக்கும்போது தாயின் முகம் இத்தொலைவில்தான் இருக்கிறது. அப்போது குழந்தையின் முகம் பார்த்துப் பேசுங்கள்.
• குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.
• தாலாட்டுப் பாடுங்கள். குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் குரலாக இருந்தால் போதும்.

6 முதல் 12 மாதம் வரை

• குழந்தை எழுப்பும் ஒலிகளை நீங்களும் திருப்பிச் சொல்லி, அது மீண்டும் ஒலி எழுப்பக் காத்திருங்கள்.
• கைதட்டல், முகத்தை மறைத்துக் காட்டுதல் போன்ற விளையாட்டுகளை விளையாடுங்கள்.
• துணிப் புத்தகம் அல்லது தடித்த அட்டைப் புத்தகம் கொடுங்கள். குழந்தை அதை வாயில் வைக்கும், தட்டும், தலைகீழாகப் பிடிக்கும். இவ்வயதில் புத்தகத்துடன் பழகும் முறை இதுவே, தடுக்க வேண்டாம்.

1 முதல் 2 வயது வரை

• குழந்தை சொல்லும் ஒரு சொல்லைச் சற்று விரித்துச் சொல்லுங்கள். “காக்கா” என்றால், “ஆமாம், கருப்புக் காக்கா கூரையில் உட்கார்ந்திருக்கிறது” என்று சொல்லலாம்.
• படத்தைக் காட்டி, “பூனை எங்கே?” என்று கேளுங்கள். குழந்தை விரலால் சுட்டுவதும் விடைதான்.
• ஒரே புத்தகத்தை மீண்டும் மீண்டும் கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பதால் சொற்கள் மனத்தில் பதிகின்றன.

2 முதல் 4 வயது வரை

• சமையலறையில் காய்களின் பெயர், நிறம், அளவு ஆகியவற்றைப் பேசுங்கள். சட்டைகளை மடிக்கும்போது பெரியது, சிறியது என்று பிரிக்கச் சொல்லுங்கள்.
• சொற்களைக் கைதட்டிப் பிரியுங்கள்: “அம்-மா” இரண்டு தட்டு, “த-வ-ளை” மூன்று தட்டு. சொல்லுக்குள் ஒலிகள் உண்டு என்ற இவ்வுணர்வே எழுத்தறிவின் அடிப்படை.
• கதையைப் பாதியில் நிறுத்தி, “அடுத்து என்ன நடக்கும்?” என்று கேளுங்கள்.

4 முதல் 6 வயது வரை

• விடுகதை போடுங்கள். “கல் என்பதில் தொடங்கும் ஒலியில் வேறு என்ன சொல் உண்டு?” என்று விளையாடுங்கள்.
• வீட்டைச் சுற்றியுள்ள எழுத்துகளைக் காட்டுங்கள்: பேருந்தின் பெயர்ப்பலகை, நியாயவிலைக் கடைப் பலகை, உப்புப் பொட்டலம், திருமண அழைப்பிதழ்.
• தினசரி நாட்காட்டியின் தாளை ஒவ்வொரு நாள் காலையும் குழந்தையே கிழிக்கட்டும். எண், கிழமை, நேற்று, நாளை ஆகியவை இவ்வொரு செயலிலேயே பழகிவிடும்.
• அன்று நடந்ததைக் குழந்தை சொல்லக் கேட்டு, அதன் சொற்களிலேயே எழுதி, அதற்கே வாசித்துக் காட்டுங்கள்.

வாசித்துக் காட்டும் முறை

1. நாள்தோறும் ஒரே நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். உறங்கப் போகும் முன் 10 நிமிடம் போதும். ஒரு வயதுக் குழந்தை 2 நிமிடத்தில் எழுந்து சென்றால் அன்றைக்கு அதுவே போதுமானது.
2. குழந்தையை மடியிலோ அருகிலோ அமர்த்தி, படமும் உங்கள் விரலும் தெரியும்படி புத்தகத்தைப் பிடியுங்கள். வாசிக்கும் வரியின் அடியில் விரலை ஓட்டுங்கள்.
3. வரியை முதலில் நூலில் உள்ளபடி வாசியுங்கள். பிறகு அதையே வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள். கதை பழகியபின் நூல்நடை மட்டும் போதுமானதாகிவிடும்.
4. கேள்வி கேட்டபின் மனத்துக்குள் ஐந்துவரை எண்ணிக் காத்திருங்கள். குழந்தைக்குச் சொல் தேடி எடுக்க நேரம் வேண்டும்.
5. தவறாகச் சொன்னால் கண்டிக்காமல், சரியான வடிவத்தை உங்கள் மறுமொழியில் சேர்த்துச் சொல்லுங்கள்.
6. கதை நேரத்தைத் தேர்வு நேரம் ஆக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கேள்வி கேட்டால் குழந்தை புத்தகத்தைக் கண்டு ஒதுங்கும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர்

படம் பார்த்துக் கதை சொல்ல எழுத்தறிவு தேவையில்லை. படத்தில் உள்ளவர் யார், என்ன செய்கிறார், ஏன் அழுகிறார் என்று பேசினாலே போதும். தாத்தா, பாட்டி ஆகியோரின் கதைகளும் பாட்டுகளும் விடுகதைகளும் சொல்வளம் மிக்கவை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் அக்காவோ அண்ணனோ இளைய குழந்தைக்கு வாசித்துக் காட்டலாம். இதனால் வாசிப்பவருக்கும் பயிற்சி கிடைக்கிறது. வெளியூரில் வேலை செய்யும் தந்தை அல்லது தாய் தொலைபேசியில் நாள்தோறும் ஒரு சிறு கதை சொல்லலாம்.

வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது, சௌராட்டிரம் போன்ற பிறமொழி பேசினால், அம்மொழியிலேயே தயங்காமல் பேசுங்கள், கதை சொல்லுங்கள். இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் ஏற்படுவதில்லை. தாய்மொழியில் பெற்ற சொல்வளமும் கதை அறிவும் பள்ளிமொழியைக் கற்கவும் உதவுகின்றன. ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கப்போகிறோம் என்பதற்காக, உங்களுக்கே சரளமாக வராத மொழியில் குழந்தையிடம் பேச வேண்டியதில்லை.

புத்தகங்களைப் பெறும் வழிகள்

விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில்தான் இயற்றப்பட்டது. அரசு நூலகங்கள் பலவற்றில் சிறுவர் நூல்கள் உண்டு. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. அங்கன்வாடி மையத்தில் உள்ள படப் புத்தகங்களைக் குறித்தும் பணியாளரிடம் கேளுங்கள்.

வீட்டிலேயே புத்தகம் செய்யலாம். பழைய நாட்காட்டிப் படங்களையோ குடும்பப் புகைப்படங்களையோ தடித்த அட்டையில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சொல் எழுதி, நூலால் தையுங்கள். சிறு குழந்தைகள் விழுங்கக்கூடும் என்பதால் கம்பி ஊசி, குண்டூசி ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டாம்.

எழுதப் பழக்குவதில் அவசரம் வேண்டாம்

மூன்று வயதுக் குழந்தையை நோட்டில் பக்கம் பக்கமாக எழுதவைப்பது பயன் தராது. அவ்வயதில் மணிக்கட்டு எலும்புகள் முழுமையாக உருவாகியிருப்பதில்லை; விரல் தசைகளும் வலுப்பெற்றிருப்பதில்லை. வலியோடும் அச்சத்தோடும் எழுதப் பழகும் குழந்தை எழுத்தையே வெறுக்கக்கூடும். விரல்களை முதலில் வலுப்படுத்துங்கள்: சப்பாத்தி மாவைப் பிசைதல், களிமண்ணில் உருவம் செய்தல், ஈர மணலில் விரலால் வரைதல், தரையில் சாக்பீசால் கிறுக்குதல், கோலப்புள்ளிகளை இணைத்தல் ஆகியவை போதும்.

தமிழில் 247 எழுத்துகள் உள்ளன. அனைத்தையும் 5 வயதுக்குள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. “கா” என்பதில் குறியீடு எழுத்துக்குப் பின்னும், “கெ” என்பதில் முன்னும், “கொ” என்பதில் இருபுறமும் வருகிறது. “க” என்ற ஒரே எழுத்து “கடல்”, “தங்கம்”, “பகல்” ஆகிய சொற்களில் வெவ்வேறாக ஒலிக்கிறது. இவற்றைக் குழந்தை உணர்ந்துகொள்ளச் சில ஆண்டுகள் ஆவது இயல்பே. தன் பெயரின் முதல் எழுத்தை அடையாளம் காண்பதிலிருந்து தொடங்குங்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020, 3 முதல் 8 வயது வரை உள்ள காலத்தை ஒரே அடித்தள நிலையாகக் கொள்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டமும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எழுத்தறிவையும் எண்ணறிவையும் படிப்படியாக வளர்ப்பதையே நோக்கமாகக் கொண்டது.

திரைநேரமும் உறக்கமும்

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி:

• 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் திரை முன் அமர்த்தாமல் இருப்பதே நல்லது.
• 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகக் கூடாது. குறைவாக இருப்பது மேலும் நல்லது.
• உறக்கம் (பகல் உறக்கம் உட்பட): 4 முதல் 11 மாதம் வரை 12–16 மணி, 1 முதல் 2 வயது வரை 11–14 மணி, 3 முதல் 4 வயது வரை 10–13 மணி.

கைப்பேசியைக் காட்டிச் சோறு ஊட்டும் பழக்கத்தைத் தவிருங்கள். உணவு வேளை குழந்தையோடு பேச வாய்ப்புள்ள வேளையாகும். திரை இருந்தால் அப்பேச்சு நின்றுபோகிறது.

பாதுகாப்புக் குறிப்புகள்

• 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் புளியங்கொட்டை, சோழி, நிலக்கடலை, கோலிக்குண்டு, பொத்தான் மின்கலம் ஆகியவற்றைத் தர வேண்டாம். மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கு ஆபத்து. பொத்தான் மின்கலத்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
• பேச்சு விரைவில் வருவதற்காக நாவில் தேன் அல்லது வசம்பு தடவ வேண்டாம். இவற்றால் பேச்சு வருவதில்லை. மேலும், 12 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுத்தால் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கடுமையான நச்சுநோய் ஏற்படும் வாய்ப்பு உண்டு.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

கதை கேட்கும் நேரம் குழந்தையின் செவித்திறன், பார்வை, பேச்சு ஆகியவற்றைப் பெற்றோர் நாள்தோறும் கவனிக்கும் நேரமாகவும் அமைகிறது. கீழ்க்காணும் அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்க வேண்டாம்:

• பெரிய ஓசை கேட்டும் கைக்குழந்தை திடுக்கிடாமல் இருத்தல்
• 12 மாதமாகியும் மழலை ஒலி எழுப்பாமை. சுட்டுதல், கையசைத்தல் போன்ற சைகைகள் இல்லாமை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை
• 16 மாதமாகியும் ஒரு சொல்லும் பேசாமை
• 24 மாதமாகியும் இரு சொற்களை இணைத்துத் தானாகப் பேசாமை
• எவ்வயதிலும், முன்பு பேசிய சொற்களையோ பழகிய திறன்களையோ இழத்தல்
• கண்ணோடு கண் பார்க்காமை, பிறர் மீது ஆர்வம் காட்டாமை
• புத்தகத்தை முகத்தருகே வைத்துப் பார்த்தல், மாறுகண், தலையைச் சாய்த்தே பார்த்தல்
• காதில் சீழ் வடிதல், அடிக்கடி காதுவலி

“ஆண் குழந்தை தாமதமாகத்தான் பேசும்”, “இவன் அப்பாவும் அப்படித்தான் பேசினார்” என்று கூறி நாட்களைக் கடத்தாதீர்கள். பேச்சுத் தாமதத்திற்குக் கேட்கும் திறன் குறைவு காரணமாக இருக்கக்கூடும். பிறந்து 1 மாதத்திற்குள் செவித்திறன் சோதனை, 3 மாதத்திற்குள் நோயறிதல், 6 மாதத்திற்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதே பரிந்துரைக்கப்படும் கால வரிசை. மொழியைக் கற்கும் திறன் முதல் சில ஆண்டுகளில்தான் மிகுதி. அக்காலம் கடந்தபின் கேட்கும் கருவி பொருத்தினாலும் பேச்சு வளர்வது கடினமாகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை, தகுதியுள்ள 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே செய்யப்படுகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உதவி கிடைக்கும் இடங்கள்

• அங்கன்வாடி மையம்: 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ், 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி கட்டணமின்றி வழங்கப்படுகிறது.
• கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம்: தடுப்பூசிக்குச் செல்லும்போது தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிப் படிநிலைகளை உங்கள் குழந்தையோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.
• மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையம்: 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்குப் பரிசோதனையும் பயிற்சியும் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன.
• 104: தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் குழந்தை புத்தகத்தைக் கிழிக்கிறது. புத்தகம் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா?
வேண்டாம். பக்கத்தைத் திருப்பும் விரல்திறன் இன்னும் வளரவில்லை என்பதே இதன் பொருள். தடித்த அட்டைப் புத்தகமோ துணிப் புத்தகமோ கொடுங்கள்; தாள் புத்தகத்தை நீங்கள் பிடித்துக்கொண்டு வாசியுங்கள்.

5 வயதுக் குழந்தை எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதுகிறது. இது கற்றல் குறைபாடா?
இவ்வயதில் இது பரவலாகக் காணப்படும் இயல்பான நிலை. முதல் இரண்டு வகுப்புகளைக் கடந்தபின்னும் எழுத்துகளை நினைவில் கொள்வதிலும் ஒலிகளைக் கூட்டி வாசிப்பதிலும் மிகுந்த இடர்ப்பாடு தொடர்ந்தால், ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் கலந்து பேசுங்கள்.

இருவரும் வேலைக்குச் செல்கிறோம். நேரம் கிடைப்பதில்லை. என்ன செய்வது?
தனியாக நேரம் ஒதுக்க இயலாத நாட்களில், குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், பேருந்துப் பயணம் ஆகியவற்றின்போது பேசுங்கள். அன்றாட வேலைகளுக்கிடையே நிகழும் பேச்சும் முழுமையான கற்றலே.

நினைவில் கொள்ள வேண்டியவை

பிறந்த நாள் முதல் பேசுங்கள். குழந்தை ஒலி எழுப்பினால் மறுமொழி கூறுங்கள். நாள்தோறும் 10 நிமிடம் கதை சொல்லுங்கள் அல்லது வாசித்துக் காட்டுங்கள். 5 வயதுக்கு முன் எழுதக் கட்டாயப்படுத்தாதீர்கள். கேட்பதிலோ பேசுவதிலோ ஐயம் எழுந்தால் அடுத்த தடுப்பூசி நாள்வரை காத்திராமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள்.

இத்தகவல்கள் பொதுவான வழிகாட்டுதலுக்காக மட்டுமே. உங்கள் குழந்தையின் வளர்ச்சி குறித்த முடிவுகளுக்கு மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.